மாமனாரின் ரத்தம் சொல்லாதது

நான் வீட்டோடு மாப்பிள்ளை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, பின்னால் வருவதெல்லாம் இதனால் கொஞ்சம் கூடுதலாக அசிங்கமாகத் தெரியும். மயிலாப்பூரில் மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் எட்டு வீடுகள் கொண்ட ஒரு பழைய அடுக்ககம். இரண்டாவது மாடியில் நாங்கள் குடியிருக்கும் வீடு மாமனார் பெயரில் இருக்கிறது. அந்தச் சொந்தக்காரரை அவருடைய சொந்த அறையில் ஏழு மாதம் அடைத்து வைத்த பெருமை என்னுடையது.

கொரோனா வந்த முதல் வருடம். மாமனாருக்கு எண்பத்திரண்டு வயது, சர்க்கரை, பைபாஸ் செய்த இதயம். யாரைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தொலைக்காட்சியில் டாக்டர்கள் பட்டியல் போட்டபோது, எல்லா வரியிலும் அவர் இருந்தார். என் மனைவிக்கு அப்பா, எனக்குப் பொறுப்பு. நான் சட்டங்கள் இயற்றினேன். வாசற்கதவுப் பக்கம் வரக் கூடாது. பால்கனியில் அரை மணி நேரம், அதுவும் எதிர்வீட்டுக்காரர் இல்லாதபோது. வெளியிலிருந்து வரும் எதையும் நான் துடைத்துத் தரும்வரை தொடக் கூடாது.

"மாப்ளே, குளத்தை ஒரு சுத்து சுத்திட்டு வந்துடறேனே" என்பார் தினமும்.

"கோயிலே சாத்தியிருக்கு."

"நான் சாமியைப் பாக்கப் போகலை. மனுஷாளைப் பாக்கப் போறேன்."

"மனுஷாளும் சாத்தித்தான் இருக்கா."

ஜெயிலர் வேலையை நான் இவ்வளவு நன்றாகச் செய்வேன் என்று எனக்கே தெரியாது. அதற்கு முன் எந்த வேலையையும் நான் அப்படிச் செய்ததில்லை. என் ஆபீஸ் தரமணியில் இருந்தது. அங்கே மென்பொருள்களுக்குக் கையேடு எழுதுவேன், அதாவது யாரும் படிக்காததைப் பிழையில்லாமல் எழுதுவேன். அந்த ஆபீஸ் இப்போது எங்கள் படுக்கையறையில் இஸ்திரி மேஜை மேல் வந்து உட்கார்ந்திருந்தது. நான் ஒருபுறம், மனைவி ஒருபுறம், கைதி ஒருபுறம். எண்ணூறு சதுர அடி. மூச்சு விட்டால் அடுத்தவர் மேல் படும் தூரம். அந்த வருடம் அந்தத் தூரத்துக்கு ஓர் அர்த்தம் இருந்தது.

மாமனாருக்குக் கண்புரை ஆபரேஷன் தள்ளிப்போயிருந்தது. அதனால் காலையில் நான்தான் பேப்பர் படித்துக் காட்ட வேண்டும். காதும் மந்தம். ஆகவே அவருடைய வலது காதுக்கு அரை அடி தூரத்தில் முகத்தை வைத்து, கச்சேரிக்கு மைக் கெட்டுப்போன பாகவதர் மாதிரி கத்த வேண்டும். அவர் கேட்க விரும்பியது ஒன்றே ஒன்று, மண்டலவாரியாக நேற்றைய தொற்று. ராயபுரம் இத்தனை, தண்டையார்பேட்டை இத்தனை, அடையாறு இத்தனை. கிரிக்கெட் ஸ்கோர் கேட்பவர் போலக் கண்ணை மூடிக் கேட்பார். "தேனாம்பேட்டை ஏறிண்டே போறதே" என்பார். நாங்கள் தேனாம்பேட்டை மண்டலம்.

அந்தக் கணக்கு வந்த விதத்தில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது. கார்ப்பரேஷனிலிருந்து ஒரு பெண் தினமும் வீடு வீடாக வருவார். முப்பது வயது இருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, கையில் நோட்டு, நெற்றிக்கு நேரே நீட்டும் காய்ச்சல் கருவி. "காய்ச்சல், இருமல், சளி யாருக்காச்சும் இருக்கா சார்?" என்று கேட்பார். "இல்லை" என்போம். அடுத்த வீட்டுக்குப் போவார்.

ஜூனில் எதிர்ச்சந்தில் ஒருவருக்குத் தொற்று என்று உறுதியானதும், அந்தக் கட்டடத்தின் கேட்டை மறைத்துத் தகரம் அடித்தார்கள். கதவில் மஞ்சள் நோட்டீஸ். ஒரு வீட்டுக்கு வந்தால் எல்லா வீட்டுக்கும் தகரம். அன்று மாலையே எங்கள் அடுக்ககத்தின் செயலாளர், மேல் மாடிக்காரர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, வாட்ஸப் குழுவில் எழுதினார்: "காய்ச்சல் கணக்கெடுக்க வருபவர்களிடம் எல்லோரும் நலம் என்று மட்டும் தெரிவிக்கவும். மற்ற குடியிருப்போரின் சிரமத்தைக் கருதவும்." எட்டுக் கட்டைவிரல்கள் உயர்ந்தன. ஒன்று என்னுடையது.

அதற்கு அடுத்த வாரம் எனக்குக் காய்ச்சல் வந்தது.

பெரிய காய்ச்சல் இல்லை. மூன்று நாள். உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருந்தது. வேலை அதிகம், தலைவலி என்று மனைவியிடம் சொன்னேன். மருந்துக்கடையில் காய்ச்சல் மாத்திரை கேட்பவர்களின் பெயரை எழுதிக்கொள்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்ததால், மாமனாரின் மருந்துப் பெட்டியிலிருந்து காலாவதியான அட்டை ஒன்றைத் திருடினேன். கணக்கெடுக்கும் பெண் வந்த நேரத்தில் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். "சார் எப்படி இருக்காங்க?" என்று அவர் வாசலில் கேட்க, உள்ளேயிருந்து "நன்னா இருக்கேன்" என்று உற்சாகமாகக் குரல் கொடுத்தேன். குளியலறையில் உட்கார்ந்து இவ்வளவு உற்சாகமாக இருப்பவனை அவர் வேறெங்கும் பார்த்திருக்க மாட்டார்.

நாலாம் நாள் அடுப்பில் பால் தீய்ந்து கருகியது. நான் அடுப்புக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். கூடத்திலிருந்து மனைவி ஓடிவந்தாள்.

"வாசனை வரலையா உங்களுக்கு?"

"ஏதோ யோசனையில இருந்தேன்."

அவள் நம்பினாள். இருபத்துநாலு வருடமாக இந்த வீட்டில் நான் எதையும் கவனித்ததில்லை என்பது அன்று எனக்குக் கைகொடுத்தது.

இதில் சிரிப்பதற்கு இல்லாத ஒரு பகுதி இருக்கிறது. வீட்டுக்குள் முகக்கவசம் போட்டால் ஏன் என்று கேட்பார்கள். ஆகவே போடவில்லை. பேப்பர் படிக்காமல் இருந்தால் மாமனார் ஏன் என்று கேட்பார். ஆகவே படித்தேன். மூன்று நாளும் காலையில் அரை மணி நேரம், அவர் காதுக்கு அரை அடி தூரத்தில், உச்சக் குரலில், ஊரில் எத்தனை பேருக்கு வந்திருக்கிறது என்று கத்தினேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இருமவில்லை, தும்மவில்லை. ஒரு வாரம் சாப்பாடு பிடிக்கவில்லை என்றார். ரசத்தில் உப்பு போதவில்லை என்று மனைவியிடம் சண்டை போட்டார். அவர் எப்போதும் போடுகிற சண்டைதான். தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

செப்டம்பரில் பஸ் மறுபடி ஓட ஆரம்பித்த பிறகுதான் எங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண்மணி திரும்ப வந்தார். கால்வாய்க் கரையில் இருந்தவர். அங்கிருந்து ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்து அரசுக் குடியிருப்புக்கு மாற்றப்பட்டு, இரண்டு பஸ் பிடித்து வந்துகொண்டிருந்தவர். எங்கள் அடுக்ககத்தில் மட்டும் நாலு வீடு செய்தார், மேல் மாடிச் செயலாளர் வீடு உட்பட. மார்ச் மாதத்திலிருந்து வெளியாட்கள் யாரும் வரக் கூடாது என்று சங்கம் தீர்மானித்திருந்தது. என் மனைவி குழுவில் இரண்டு வாரம் வாதாடித்தான் தீர்மானத்தைத் தளர்த்தினாள். முதல் நாள் வந்தவர், தேய்க்கும் தொட்டியில் ஆறு மாதம் நான் கழுவிய பாத்திரங்களைப் பார்த்தார்.

"இன்னா சார் இது, வாணலி அடி கருப்பா கீது."

"நான் கழுவினதுதான்."

"அது தெரியுது சார்."

அவர் வந்து ஆறு வாரம் இருக்கும். நவராத்திரி. மனைவி ஐந்து படி கொலு வைத்திருந்தாள். போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினாள், யாரும் வரவில்லை. வராதது அந்த வருடத்து மரியாதை. அப்படிப்பட்ட ஒரு காலையில் அழைப்பு மணி அடித்தது. கணக்கெடுக்கும் அதே பெண். கூடவே நீலக் கவச உடை போட்ட ஒருவர், கையில் ஐஸ் பெட்டி.

"ரத்தம் எடுக்க வந்திருக்கோம் சார். நோய் வந்துட்டுப் போனவங்க உடம்புல அதை எதிர்த்து உண்டான பொருள் ரத்தத்துல தங்கும். எவ்வளவு பேருக்கு அது இருக்குன்னு பாக்குறாங்க. தெருமுனைலேருந்து எண்ணி வர்றோம், உங்க வீடு வருது. வீட்டுக்கு ஒருத்தர்தான்."

"எங்க வீட்ல யாருக்கும் வரலையே" என்றாள் மனைவி.

"வரலைன்னு சொன்னவங்கள்லயும் எத்தனை பேருக்கு வந்திருக்குன்னு தெரிஞ்சுக்கத்தான் மேடம்." அவர் என்னைப் பார்க்கவில்லை. ஆனாலும் எனக்கு வியர்த்தது.

வீட்டில் இருப்பவர்களின் வயதை மொபைலில் போட்டார். யாருடைய ரத்தம் என்று அதுதான் சொல்லுமாம். நாம் ஆள் மாற்ற முடியாதாம். மூன்று பேர். அந்தச் சில நொடிகளில், ஒரு சாம்பிள் குழாயில் என் மூன்று நாள் ரகசியம் ஐஸ் பெட்டிக்குள் போவதைப் பார்த்துவிட்டேன்.

"பெரியவர் பேரு வந்திருக்கு" என்றார் அந்தப் பெண்.

என் ஆயுளில் இவ்வளவு நிம்மதியாக நான் மாமனாரை யாருக்கும் அறிமுகம் செய்ததில்லை. அவருக்கோ ஏழு மாதத்தில் முதல் விருந்தாளி. சட்டையை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கவச உடைக்காரர் நரம்பு தேடியபோது, "மெதுவா எடுங்கோ, உள்ள நிறைய இல்லை" என்றார். கொலு வைத்த வீட்டுக்கு வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பதில் என் மனைவி பிடிவாதமாக இருந்தாள். கையுறை போட்ட கைகளில் வெற்றிலை பாக்கும் சுண்டல் பொட்டலமும் ஏறின. அந்தப் பெண்ணுக்கு ரவிக்கைத்துணி. கவச உடைக்காரர் தாம்பூலத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசியில் ஐஸ் பெட்டி மேல் வைத்துக்கொண்டு படி இறங்கினார்.

பத்து நாள் கழித்து அந்தப் பெண் போன் செய்தார். மாமனாருக்கு நோய் வந்து போயிருக்கிறது.

மனைவி உட்கார்ந்துவிட்டாள். வாசலைத் தாண்டாத மனிதர். பால் பாக்கெட்டைக்கூடத் தொடாதவர். அவருக்கு எப்படி? அவள் தன் அக்காவிடம் போனில் சொன்னது கூடத்திலிருந்து படிக்கட்டுக்குப் போய், படிக்கட்டிலிருந்து குழுவுக்குப் போனது. செயலாளர் எழுதினார்: "வெளியிலிருந்து வரும் பணியாளர் ஒருவர் மூலமே இது நேர்ந்திருக்கிறது என்பது தெளிவு. நாளை முதல் அவரை கேட்டில் அனுமதிக்க வேண்டாம் என வாட்ச்மேனிடம் தெரிவிக்கப்பட்டுள்ளது." ஏழு கட்டைவிரல்கள்.

மனைவி வேலை செய்பவருக்கு போன் செய்தபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

"கொஞ்ச நாள் வர வேண்டாம். அப்பாவுக்கு வந்திருக்குன்னு சொல்றா."

"தாத்தாவுக்கா? எப்டி கீறாரு?"

"அவர் நன்னா இருக்கார். வந்துட்டுப் போயிடுத்தாம்."

"அதுக்கு நான் இன்னாமா பண்ணேன்? மேல் வீட்டம்மா போன் பண்ணாங்க. நீதான் கொண்டாந்தேன்னாங்க. நான் இங்க வந்த நாள்லேருந்து எனக்கு ஒரு தும்மல் கெடயாதுமா. நாலு வூடு ஒரே நாள்ல போச்சுன்னா நான் எங்க போவேன், சொல்லு. இன்னொரு வூட்ல விடுவாங்களா? கொரோனா கொண்டாந்தவன்னு சொல்லிட்டா எவன் விடுவான்?"

மனைவி போனை வைத்தாள். "பாவம்தான். ஆனா அப்பாவுக்கு எண்பத்திரண்டு. என்ன பண்ணச் சொல்றேள்?" என்று என்னைக் கேட்டாள். 

என் வாயைத் திறக்காமல் அந்த வேலைக்காரப் பெண்மணியைக் காப்பாற்றும் வழி ஏதாவது விஞ்ஞானத்தில் இருக்கும் என்று நம்பினேன். படித்தவனுக்கு வரும் நம்பிக்கை அது. மொட்டைமாடிக்குப் போய் அந்தக் கணக்கெடுக்கும் பெண்ணுக்கு போன் போட்டேன்.

"எப்ப வந்ததுன்னு அந்த ரத்தத்துல தெரியுமா? ஜூன்லயா, இப்பவான்னு?"

"தெரியாது சார். வந்துச்சா வரலையா, அவ்வளவுதான். எப்ப, யாருகிட்டேருந்துன்னு அது சொல்லாது."

"வேற எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"அதுக்குத்தான் சார் நான் தினம் வந்து கேட்டேன்" என்றார். குரலில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

மொட்டைமாடியில் கொஞ்ச நேரம் நின்றேன். அங்கிருந்து கோபுரம் தெரியும், கடல் பக்கத்துக் காற்று வரும். சுற்றிலும் ஊரே இருந்தது, நான் மட்டும் மாட்டிக்கொண்டிருந்தேன். ஊர் முழுக்க ரத்தம் எடுத்தது எங்களைப் போன்றவர்கள் சொன்ன "இல்லை"யைத் திருத்தத்தான். ஊர்க் கணக்கை அது திருத்திவிடும். ஒரு வீட்டுப் பொய்யைத் திருத்தும் சக்தி அதற்கு இல்லை. அந்தப் பொம்பளைக்குச் சாதகமாக உலகத்தில் இருந்த ஒரே அத்தாட்சி, குளியலறைக்குள் தாழ் போட்டுக்கொண்டிருந்த நான். பேசாமல் இருந்தால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அதுதான் பயமாக இருந்தது. ஏனென்றால் என்னால் பேசாமல் இருக்க முடியும் என்று எனக்குத் தெரியும்.

கீழே வந்து மனைவியிடம் சொன்னேன். சமையலறையில், தாழ்ந்த குரலில், மூன்று நாள், மாத்திரை, பால் எல்லாவற்றையும். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்த மூணு நாளும் அப்பாவுக்குப் பேப்பர் படிச்சேளா?"

"படிச்சேன்."

அவள் அடுப்பை அணைத்தாள். "போய் அவர்கிட்டச் சொல்லுங்கோ."

காது மந்தமான ஒருவரிடம் ரகசியத்தை ஒப்புக்கொள்வதில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. முதல் முறை சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. "என்ன?" என்றார். இரண்டாம் முறை கொஞ்சம் உரக்கச் சொன்னேன். "யாருக்குக் காய்ச்சல்?" என்றார். மூன்றாம் முறை, பேப்பர் படிக்கும் குரலில், "எனக்குத்தான் ஜூன் மாசம் வந்தது. மறைச்சுட்டேன். உங்களுக்கு நான்தான் கொடுத்திருக்கேன்" என்று கத்தினேன். அந்த அறையின் ஜன்னல் எட்டு வீட்டுக்கும் பொதுவாகக் காற்றுக்கு விட்ட இடைவெளியைப் பார்த்துத் திறக்கிறது. எங்கோ கீழே மிக்ஸி நின்றது. மேலே ஒரு டி.வி. சத்தம் குறைந்தது.

மாமனார் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். கண்புரை போட்ட கண்ணில் நான் எவ்வளவு தெரிந்தேனோ.

"அப்போ நான் போயிருக்கலாம்" என்றார்.

"ஆமாம்."

"வெளியிலன்னு சொல்லலை."

"தெரியறது."

"ஏழு மாசம் பூட்டி வெச்சேளே, மாப்ளே." அவ்வளவுதான் சொன்னார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்று முழுவதும் மண்டலக் கணக்கு கேட்கவில்லை.

அரை மணிக்குள் செயலாளர் போன் வந்தது. "சார், நீங்க பேசினது எல்லா வீட்டுக்கும் கேட்டுது."

"கேக்கட்டும்னுதான்." அப்படி இல்லை. ஆனால் வீரத்தை ஏன் விட வேண்டும்?

"இல்ல சார், இப்ப இதெல்லாம் எதுக்கு? கார்ப்பரேஷன் காதுக்குப் போனா..." குரலைத் தாழ்த்தினார். "ஒங்க வீடு மட்டுமா சார். எனக்கே மே கடைசில ரெண்டு நாள் இருந்துச்சு. என் மிசஸுக்கும். அப்பல்லாம் நம்ம யாராச்சும் சொன்னோமா?"

"அதைக் குரூப்ல போடறேளா?"

"சார், குரூப்ல எப்படி சார் போடுறது?"

கேட்டில் தடையை எடுத்துவிடுவதாக மட்டும் சொன்னார். எடுத்தும் விட்டார். குழுவில் அது பற்றி ஒரு வரியும் வரவில்லை. நடந்த தவறை எழுத்தில் வைக்காமல் சரிசெய்வதில் அவருக்கு முப்பத்தைந்து வருட அனுபவம் இருந்தது.

"நீங்களே அவளுக்கு போன் பண்ணுங்கோ" என்றாள் மனைவி. அந்த வாரம் அவள் என்னிடம் பேசிய மிக நீளமான வாக்கியம் அது.

போன் செய்து சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"ஏன் சார் அப்பவே சொல்லல?"

"தகரம் அடிச்சுடுவான்னு பயம்."

"எங்க பிளாக்குக்கு அடிச்சாங்க சார். பதினாலு நாளு. தண்ணி லாரிகூட தள்ளிதான் நின்னுச்சு. கேட்டாங்க, இருக்குன்னு சொன்னோம், அடிச்சாங்க. ஒங்களுக்கு வந்தா இல்லன்னு சொல்லிக்கலாம். எங்களுக்கு வராத அன்னைக்கே வந்துச்சுன்றாங்க."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

"திங்கக்கெழமை வரேன் சார். ஒங்க வூட்டுக்கும் கீழ் ரெண்டு வூட்டுக்கும். மேல் வீட்டுக்கு வர மாட்டேன். அந்தம்மா வாய்தான் கொண்டாந்தேன்னு சொல்லுச்சு. அந்தம்மா வாயே இல்லன்னு சொல்லட்டும்."

"நான் வேணா அவங்ககிட்ட..."

"நீங்க சொல்லாதீங்க சார். நீங்க சொல்ல வேண்டியத சொல்லிட்டீங்க."

சொன்னபடி திங்கட்கிழமை வந்தார். எங்கள் வீட்டு வேலையை முடித்துவிட்டு, கீழ் வீடுகளுக்குப் போனார். மேல் மாடிப் படியில் கால் வைக்கவில்லை. மறுநாளும் வைக்கவில்லை. செயலாளர் முதலில் வாட்ச்மேனிடம் சொல்லி அனுப்பினார், பிறகு என் மனைவியிடம் ஜாடையாகச் சொன்னார், பிறகு கொஞ்சம் கூடுதலாகத் தருவதாகச் செய்தி அனுப்பினார். "அத நான் கேக்கலியே" என்று பதில் போனது.

பதினோராம் நாள் காலை, நான் இஸ்திரி மேஜைக்கு எதிரே உட்கார்ந்து ஆபீஸ் கூட்டத்தில் தலையாட்டிக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாக கேட் தெரிந்தது. மார்ச்சுக்குப் பிறகு கீழே இறங்கியே பார்த்திராத செயலாளரின் மனைவி, ஒரு கையால் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி மூன்று மாடி இறங்கி வந்து, உள்ளே நுழைந்துகொண்டிருந்தவருக்கு எதிரே நின்றார்.

"நாளைலேருந்து வந்துடு" என்றார்.

"அது இல்லமா."

அந்த அம்மாள் வாட்ச்மேனைப் பார்த்தார். அவன் குழாயைத் திறந்து வாளியில் தண்ணீர் பிடிக்க ஆரம்பித்தான். பிறகு அந்த அம்மாள் ஏதோ சொன்னார். தண்ணீர் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. இரண்டு மூன்று வார்த்தைதான் இருக்கும். கேட்க வேண்டியவருக்குக் கேட்டிருக்க வேண்டும். அவர் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, அந்த அம்மாளை முன்னால் விட்டு, அவர் ஏறுகிற வேகத்துக்குப் பின்னாலேயே மெதுவாகப் படியேறினார்.